கம்ப்ரஷன் பூட்ஸ் வாங்கும் முன்: வேலூர்ப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நேதாஜி விளையாட்டரங்கத்தில் விடியற்காலையில் ஓடுகிறவர்கள், சத்துவாச்சாரியில் பளு தூக்குகிறவர்கள், ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளைச் சைக்கிளில் ஏறுகிறவர்கள் எல்லோரும் சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். பயிற்சி முடிந்ததும் காலில் மாட்டிக்கொள்ளும் காற்றழுத்த பூட்ஸ் பற்றிய அந்தச் சந்தேகங்களை இங்கே சேர்த்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன.

இந்த பூட்ஸ் இன்னா பண்ணுது? காத்து அடிச்சா கால்வலி எப்படிப் போவும்?

பாதத்திலிருந்து தொடை வரை காலை மூடுகிற, ஜிப் வைத்த நீளப் பை இது. உள்ளே தனித்தனிக் காற்றறைகள் இருக்கும். ஜிம்மில் சேம்பர் என்பார்கள். பம்ப் முதலில் பாதத்து அறையை ஊதும். அது இறுகி இருக்கும்போதே கணுக்கால், கெண்டைக்கால், முழங்கால், தொடை என்று ஒவ்வொன்றாக மேலே ஊதிக்கொண்டு போகும். கடைசியில் எல்லா அறையும் காற்றை விட்டுவிடும். சில நொடி ஓய்வுக்குப் பிறகு மறுபடி பாதத்திலிருந்து தொடங்கும். பால் கறக்கும்போது விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடுவதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

காலிலிருந்து ரத்தம் மேலே ஏற, சிரைகளுக்குள் ஒருவழிக் கதவு போன்ற வால்வுகள் இருக்கின்றன. நடக்கும்போது கெண்டைச் சதை இறுகிச் சிரையைப் பிழிகிறது. ரத்தம் மேலே போகிறது, வால்வு கீழே இறங்க விடாமல் மூடிக்கொள்கிறது. நிணநீரும் ஏறக்குறைய இப்படித்தான் நகர்கிறது. நாம் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பிழிதலை பூட்ஸ் வெளியிலிருந்து செய்கிறது. வீக்கமும் கனமும் குறைந்தது போலத் தெரிவது இதனால்தான்.

லாக்டிக் ஆசிட்டை வெளியேத்துதுன்னு விளம்பரத்துல போடறாங்களே, நெஜமா?

அதை நம்பி வாங்க வேண்டாம். கடும் ஓட்டத்துக்குப் பின் ரத்தத்தில் ஏறும் லாக்டேட், நீங்கள் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாலும் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். மெதுவாக நடந்தால் இன்னும் சீக்கிரம் வரும். மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் படி இறங்க முடியாமல் பிடிக்கிறதே, அந்தக் கடுப்புக்கும் லாக்டிக் ஆசிட்டுக்கும் தொடர்பில்லை. பழகாத பளுவால் தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதமும், அதைச் சரிசெய்ய உடல் கிளப்பும் அழற்சியும்தான் காரணம். அது 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய், தானாக இறங்கும்.

அப்ப நெஜமான பலன்தான் என்ன? யாராவது சோதிச்சுப் பாத்திருக்காங்களா?

பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2015-இல் நடந்த வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் 161 கி.மீ. ஓட்டத்தை முடித்தவர்களை மூன்றாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு 20 நிமிடம் கை மசாஜ், ஒரு கூட்டத்துக்கு 20 நிமிடம் காற்றழுத்த பூட்ஸ், மூன்றாவது கூட்டத்துக்கு வெறும் ஓய்வு என்று கொடுத்தார்கள். மசாஜ், பூட்ஸ் இரண்டிலும் அந்த நேரத்துக் களைப்பு குறைந்தது. அடுத்து வந்த நாட்களில் மூன்று கூட்டத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 400 மீட்டர் ஓடிப் பார்த்த நேரத்திலும் இல்லை.

ஆக, பூட்ஸ் போட்டால் கால் லேசாகத் தோன்றும், கடுப்பும் கொஞ்சம் குறையலாம். வேகமும் பலமும் கூடிவிடாது. தூக்கம், சாப்பாடு, தண்ணீர் மூன்றும் சரியாக இருக்கிறவருக்கு இது மேலே ஒரு சொகுசு. இரவு ஒரு மணி வரை போனைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

நான் போலீஸ் செலெக்‌ஷனுக்கு ஓடறேன். எனக்கு இது தேவையாண்ணா?

தேவையில்லை தம்பி. 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டியது ஓட்டப் பயிற்சியின் வேலை. அந்தக் காசில் நல்ல ஷூ ஒரு ஜோடி, ஆறு மாதத்துக்கு முட்டை, வேர்க்கடலை வாங்கலாம். ராணுவத்துக்குப் பிள்ளைகளை அனுப்பியே பேர் வாங்கிய கம்மவான்பேட்டையில் இத்தனை தலைமுறையும் இந்தப் பூட்ஸ் இல்லாமல்தான் தயாராகியிருக்கிறார்கள்.

வாரம் ஐந்து ஆறு நாள் கடுமையான பயிற்சி, அல்லது ஒரே நாளில் இரண்டு வேளைப் பயிற்சி, அதோடு பகலில் நின்றபடி வேலை. இப்படி இருப்பவர்களுக்குப் போட்ட காசுக்குப் பயன் தெரியும். வாரம் மூன்று நாள் ஜிம் போகிறவர், பயிற்சி முடிந்ததும் 10 நிமிடம் மெதுவாக நடந்துவிட்டு, சுவரில் காலைத் தூக்கிச் சாய்த்து 10 நிமிடம் படுத்தாலே கிட்டத்தட்ட அதே லேசு கிடைக்கும்.

ஆபரேஷன் முடிஞ்சதும் ஆஸ்பத்திரியில கால்ல கட்டறாங்களே, அதுவும் இதுவும் ஒண்ணா?

அடிப்படை ஒன்று, வேலை வேறு. ஆஸ்பத்திரியில் கட்டுவது படுத்தே இருப்பவரின் கால் சிரையில் ரத்தம் உறையாமல் தடுக்க. பெரும்பாலும் கெண்டைக்காலில் 45 மி.மீ. பாதரச அளவு லேசான அழுத்தம், நிமிடத்துக்கு ஒருமுறை, நாள் முழுக்க. நிணநீர் வீக்கத்துக்கு வைக்கும் பம்ப் இன்னொரு வகை. அதன் அளவை மருத்துவரும் பிசியோவும்தான் முடிவு செய்ய வேண்டும்.

விளையாட்டுக்காரர்கள் போடுவது இந்த மருத்துவக் கருவியிலிருந்து கிளைத்தது. இன்று பெரிய பெயரான நார்மாடெக்கை 1998-இல் தொடங்கியவர் லாரா ஜேக்கப்ஸ் என்ற மருத்துவர்; 2020-இல் ஹைப்பரைஸ் நிறுவனம் அதை வாங்கியது. இதைச் சொல்வதற்குக் காரணம், நோயாளிக்கு எழுதிக்கொடுத்த பம்புக்குப் பதிலாக ஆன்லைனில் ஜிம் பூட்ஸ் வாங்கித் தருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள்.

யார் யார் போடவே கூடாது? எங்கப்பாவுக்கு சுகர் கீது, அவரும் போட்டுப் பாக்கறேங்கறாரு.

வாங்குவதற்கு முன் வீட்டில் யார் யார் காலில் மாட்டிக்கொள்வார்கள் என்று யோசியுங்கள். நீங்கள் வேலைக்குப் போன பிறகு அப்பா கட்டாயம் மாட்டிப் பார்ப்பார். கால் சிரையில் ரத்தக்கட்டி இருப்பவர், இருக்குமோ என்ற சந்தேகம் இருப்பவர், முன்பு நுரையீரலுக்கு ரத்தக்கட்டி போனவர் தொடவே கூடாது. அழுத்தம் கட்டியை நகர்த்திவிடலாம். இதயம் பலவீனமானவருக்குக் காலிலிருந்து திடீரென்று ஏறும் ரத்தமே சுமை. காலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனி அடைத்திருப்பவருக்கு வெளி அழுத்தம் இருக்கிற ஓட்டத்தையும் குறைத்துவிடும். திறந்த புண், எலும்பு முறிவு, தோலில் சீழ் அல்லது சிவந்த சூடான வீக்கம் இருந்தாலும் கூடாது.

சர்க்கரை நோயில் இரண்டு ஆபத்து. பாதம் மரத்திருந்தால் இறுக்கம் தெரியாது. தமனி அடைப்பும் கூடவே இருக்கக்கூடும். அப்பாவுக்கு முதலில் பாத உணர்வையும், கை கால் ரத்த அழுத்தத்தை ஒப்பிடும் சோதனையையும் மருத்துவரிடம் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் போட வேண்டாம்.

நம் பக்கத்தில் தனியாகச் சொல்ல வேண்டியது யானைக்கால். வட ஆற்காட்டுக்கு அது புதிய பெயரில்லை. ஒரு கால் மட்டும் வீங்குவது, குளிர் காய்ச்சலோடு தொடை இடுக்கில் நெறி கட்டுவது என்று இருந்தால், அதை பயிற்சிக் களைப்பு என்று எண்ணி பூட்ஸை மாட்டாதீர்கள். காய்ச்சலும் சிவப்பும் இருக்கும் நேரத்தில் அழுத்தம் கொடுப்பது தப்பு.

அம்மா ஷூ கம்பெனியில நின்னுகினே வேலை செய்றாங்க, நரம்பு சுருட்டிக்கினு இருக்கு. போடலாமா?

சுருட்டிய சிரை இதனால் சரியாகாது. புண்ணோ, கணுக்காலைச் சுற்றிக் கறுப்போ, திடீரென்று தடித்து வலிக்கும் சிரையோ இல்லை, மருத்துவரும் சரி என்றால், மாலையில் குறைந்த அழுத்தத்தில் 20 நிமிடம் கனத்தைக் குறைக்கும். ஆனால் அம்மாவுக்கு முதலில் வாங்க வேண்டியது வேலை நேரத்தில் போடும் அழுத்தக் காலுறை. மருத்துவர் சொல்லும் அளவில், காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன்பே போட வேண்டும். பூட்ஸ் 20 நிமிடம்தான் வேலை செய்யும். காலுறை எட்டு மணி நேரம் வேலை செய்யும்.

பிரஷர் எவ்ளோ வரைக்கும் இருக்கணும்? ஜாஸ்தி இருந்தா நல்லதா?

பி.பி. பார்க்கும் அதே மி.மீ. பாதரச அளவுதான் இங்கேயும், கீழே மி.மீ. என்றே எழுதுகிறோம். நல்ல கருவிகள் 20 அல்லது 30-இல் தொடங்கி 100, 110 வரை போகும். பெரும்பாலானோர் 60 முதல் 80-க்குள் நின்றுவிடுகிறார்கள். அதற்கு மேல் போனால் பலன் கூடும் என்பதற்கு ஆதாரமில்லை, கால் மரத்துப்போவதுதான் கூடும். புதிதாகத் தொடங்குகிறவர் 40-இல் 15 நிமிடம் வைத்து, ஒவ்வொரு தடவையும் 10 கூட்டிப் பாருங்கள். இறுக்கிப் பிடித்துக் கை குலுக்குவது போல இருக்க வேண்டும். பல்லைக் கடிக்க வைத்தால் அது அதிகம்.

மேல் அளவைவிட முக்கியம் எத்தனை படியாகக் கூட்டலாம் என்பது. லோ, மீடியம், ஹை என்று மூன்றே பட்டன் உள்ள கருவியில், மீடியம் போதாமலும் ஹை தாங்காமலும் போகிற கதைதான் அதிகம். பத்துப் பத்தாகவோ ஐந்து ஐந்தாகவோ கூடுவதைப் பாருங்கள்.

ஒரு கம்பெனிக்காரன் கேபிஏ-ன்னு போட்டுகிறான், இன்னொருத்தன் பிஎஸ்ஐ-ன்னு போட்டுகிறான். எப்படிக் கணக்குப் போடறது?

இரண்டும் அழுத்தத்தின் அலகுகள்தான். 1 கேபிஏ (கிலோபாஸ்கல்) என்பது 7.5 மி.மீ. ஆகவே 10 கேபிஏ 75 மி.மீ., 13 கேபிஏ 98 மி.மீ. 1 பிஎஸ்ஐ சுமார் 52 மி.மீ. எவராவது 30 கேபிஏ என்று போட்டிருந்தால் 225 மி.மீ. என்று ஆகிறது. அது காலில் படும் அழுத்தமாக இருக்க முடியாது, இருக்கவும் கூடாது. பம்ப் வாயில் வரும் உச்ச அழுத்தத்தை எழுதியிருப்பார்கள். காலில் என்ன அழுத்தம் படுகிறது என்று கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். பதில் வராவிட்டால் வேறு கடையைப் பாருங்கள்.

4 சேம்பரா, 6-ஆ, 8-ஆ? எட்டுன்னா டபுள் பலன்தானே?

இல்லை. பாதம், கெண்டை, முழங்கால், தொடை என்று நான்கும் ஒழுங்காக வரிசையில் ஊதினாலே வேலை நடக்கிறது. அறைகளுக்கு நடுவே இடைவெளி விழுகிறதா என்று பாருங்கள். ஒன்றின் விளிம்பு அடுத்ததன் மேல் ஏறியிருந்தால் அழுத்தம் தொடர்ச்சியாக இருக்கும். இடைவெளி விட்டிருந்தால் அந்த இடத்தில் சதை பிதுங்கி, காலில் வளையல் போட்டது போல் கோடு விழும். எட்டு அறை என்று விற்கும் சில பூட்ஸில் இரண்டிரண்டு அறை ஒரே குழாயில் சேர்ந்திருக்கும். பம்பிலிருந்து வரும் ஹோஸின் முனையில் எத்தனை துளை என்று எண்ணினால் உண்மை தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மேல் அறை ஊதும்போது கீழ் அறை இறுக்கமாகவே இருக்க வேண்டும். விட்டுவிட்டால், மேலே தள்ளிய நீர் பாதத்துக்கே திரும்பி வரும்.

சைஸ் எப்படி அளக்கறது? நான் அஞ்சடி நாலு, எம் போட்டா சரியா இருக்குமா?

உயரத்தை வைத்து மட்டும் வாங்காதீர்கள். ஒரே உயரமுள்ள இரண்டு பேருக்குக் கால் நீளம் ஐந்து செ.மீ. வித்தியாசப்படும். வெறுங்காலோடு சுவரை ஒட்டி நின்று, ஒரு நோட்டுப் புத்தகத்தின் முதுகைக் கவட்டையில் மேலே ஒட்டி வைத்து, அந்த இடத்திலிருந்து தரை வரை அளக்கவும். பூட்ஸின் உள்பக்க நீளம் இதைவிட 3 முதல் 6 செ.மீ. குறைவாக இருந்தால் சரி. கூடினால் மேல் அறை மடங்கிக் கவட்டையை நெருக்கும். மிகவும் குறைந்தால் நடுத்தொடையிலேயே நின்று, அதற்கு மேல் வீக்கம் தேங்கும்.

அடுத்து தொடையின் மிகப் பருத்த இடத்தையும் கெண்டையின் மிகப் பருத்த இடத்தையும் சுற்றளவு எடுங்கள். கால் பயிற்சி முடிந்த மாலையில் எடுங்கள். காலையில் எடுத்தால் ஓரிரு செ.மீ. குறைத்துக் காட்டும். காற்றில்லாத பூட்ஸை மாட்டி ஜிப் போட்டதும், தொடையில் இரண்டு விரல் தட்டையாக நுழைய வேண்டும். நுழையாவிட்டால் ஜிப் தாங்காது. முழு உள்ளங்கை நுழைந்தால் தொளதொளப்பு.

தொளதொளப்பு ஏன் தப்பு என்றால், மலிவான பம்புகள் அழுத்தத்தை அளந்து ஊதுவதில்லை. இத்தனை நொடி என்று நேரக் கணக்கில் ஊதுகின்றன. அந்த நேரமெல்லாம் இடைவெளியை நிரப்பவே போய்விடும். திரையில் 80 என்று காட்டும், காலில் 40-கூட இருக்காது. பாத அளவையும் மறக்காதீர்கள்: பத்தாம் நம்பர் ஷூ போடுகிறவருக்குச் சிறிய பூட்ஸில் விரல்கள் மடங்கும்.

எனக்குத் தொடை 68 செ.மீ. எந்த பூட்ஸும் ஏற மாட்டேங்குது.

2014 கிளாஸ்கோவிலும் 2018 கோல்டுகோஸ்டிலும் காமன்வெல்த் தங்கம் வாங்கிய பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கத்தின் சத்துவாச்சாரியில் இது சாதாரணக் குறை. பூட்ஸ் செய்கிறவர்கள் பெரும்பாலும் ஓட்டக்காரரின் காலை மனதில் வைத்துத்தான் அளவெடுக்கிறார்கள். ஜிப் வைத்த அகலப்பட்டை தனியாக விற்கும் மாடலைத் தேடுங்கள். அதைச் சேர்த்தால் சுற்றளவு கூடும். நீளமான சைஸ் எடுத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். அகலம் கிடைக்கும், கவட்டையில் மடங்கும். பட்டை கிடைக்காவிட்டால் அடுத்த கேள்வியில் வருகிற கெண்டைக்கால் வகைக்குப் போகலாம்.

கெண்டைக்காலுக்கு மட்டும் வர்றது விலை கம்மியா இருக்கு. அது போதாதா?

ஓட்டக்காரர், கயிறு தாண்டுகிறவர், கபடி ஆடுகிறவர் பலருக்குப் போதும். ஸ்குவாட், சைக்கிள் என்று தொடையில் வேலை கொடுப்பவருக்குப் போதாது. வெல்க்ரோ வைத்துச் சுற்றும் வகையில் ஒரு வசதி, சுற்றளவுச் சிக்கல் இல்லை. குறை, ஒவ்வொரு தடவையும் ஒரே இறுக்கத்தில் சுற்ற வராது. வெல்க்ரோவில் நூலும் முடியும் அடைத்துச் சில மாதத்தில் பிடி விடும். பழைய பல் பிரஷ்ஷால் சீவி எடுத்தால் திரும்பப் பிடிக்கும்.

பேட்டரி மாடலா, ஒயர் மாடலா? எங்க தெருவுல கரண்ட் அடிக்கடி போவுது.

வீட்டில் மட்டும் போடுகிறவர் ஒயர் மாடலே வாங்கலாம். இந்தக் கருவிகள் இழுக்கும் மின்சாரம் ஒரு மின்விசிறியைவிடக் குறைவாகத்தான் இருக்கும், வீட்டு இன்வெர்டர் சுலபமாகத் தாங்கும். ஓடும்போது மின்சாரம் போனால் பயப்பட வேண்டாம். நல்ல கருவிகளில் வால்வு தானாகத் திறந்து காற்று இறங்கிவிடும். இறங்காவிட்டால் ஹோஸைப் பிடுங்குங்கள், உடனே இறங்கும். வாங்கிய அன்றே ஒருமுறை வேண்டுமென்றே சுவிட்சை அணைத்து இதைச் சோதியுங்கள்.

பேட்டரிக்கு நம் ஊர் வெயில்தான் எதிரி. கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், வண்டி டிக்கியிலோ தகர ஷீட் அறையிலோ வைத்தால் லித்தியம் பேட்டரி சீக்கிரம் தேயும். காற்றுப்பையின் ஒட்டும் இளகும்.

மச்சான் அமெரிக்காவுல இருந்து வாங்கியாறேன்னு சொல்றாரு. நம்ம கரண்டுக்கு ஓடுமா?

அடாப்டரின் அடியில் பொடி எழுத்தில் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால், பின் மாற்றி ஒன்று போட்டு நேரே செருகலாம். 120 வோல்ட் மட்டும் என்று இருந்தால் செருகாதீர்கள், 230-இல் உடனே போய்விடும். மச்சானிடம் வாங்கும் முன் அந்த எழுத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அங்கே வாங்கியதற்கு இங்கே பெரும்பாலும் வாரண்டி கிடைக்காது. பழுதானால் மறுபடி மச்சான்தான்.

பெரிய பிராண்டுக்கும் சாதாரணத்துக்கும் விலை அஞ்சாறு மடங்கு வித்தியாசமா இருக்கே, எதுக்கு அவ்ளோ?

பாதி விலை பெயருக்கு. மீதிப் பாதிக்குக் கிடைப்பது: அழுத்தத்தை அளந்து ஊதும் சென்சார், சத்தம் குறைந்த பம்ப், பிவிசிக்குப் பதிலாக டிபியு என்கிற ரப்பர் போல வளையும் பிளாஸ்டிக்கில் செய்த காற்றுப்பை, வலுவான ஜிப், ஒவ்வொரு அறைக்கும் தனி அளவு வைக்கும் வசதி. இதில் சென்சாரும் ஜிப்பும்தான் காசு கொடுக்கத் தகுந்தவை. போன் ஆப், வண்ண விளக்கு, சூடேற்றும் வசதி எதற்கும் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். வேலூரில் சூடேற்றும் பூட்ஸை எந்த மாதத்தில் போடுவது?

வாங்கும் முன் விற்பவரிடம் ஒன்று கேளுங்கள்: ஒரு கால் பூட்ஸ், ஹோஸ், அடாப்டர் இவை மூன்றும் தனித்தனியாகக் கிடைக்குமா? கிடைக்கும் என்றால் நடுத்தர விலைக் கருவியே நான்கைந்து வருடம் ஓடும். கிடைக்காது என்றால் ஒரு ஜிப் போனாலே மொத்தமும் குப்பை.

பார்சல் வந்ததும் வீட்ல எப்படி செக் பண்றது? திருப்பி அனுப்ப ஏழு நாள்தான் டைம் குடுத்துகிறான்.

பெட்டியைத் திறப்பதிலிருந்தே வீடியோ எடுங்கள். முதலில் காலில்லாமல் ஊதாதீர்கள். வெற்றுப் பை பலூன் போல் உப்பி, தையல் இழுபடும். காலில் மாட்டி, ஜிப்பை மேல் முனை வரை ஏற்றி, 40-இல் ஓட விடுங்கள். இரண்டு காலிலும் ஒரே வரிசையில், ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஊத வேண்டும். கையால் ஒவ்வொரு அறையையும் அமுக்கிப் பாருங்கள்.

அழுத்தம் உண்மையா என்று பார்க்க, வட்ட மீட்டர் வைத்த பி.பி. கருவி ஒன்று வேண்டும், எலெக்ட்ரானிக் ஆகாது. அதன் பட்டையைக் கெண்டைக்காலில் சுற்றி, 10 மி.மீ. அளவுக்கு மட்டும் ஊதித் திருகை மூடிவிட்டு, மேலே பூட்ஸை மாட்டுங்கள். கெண்டை அறை இறுகும்போது முள் எங்கே நிற்கிறதோ அது காலில் படும் அழுத்தத்துக்குக் கிட்டத்தட்டச் சரி. 10, 15 முன்னே பின்னே இருக்கலாம். திரையில் 80, முள்ளில் 45 என்றால் திருப்பி அனுப்புங்கள். இடது, வலது இரண்டுக்கும் 20-க்கு மேல் வித்தியாசம் இருந்தாலும் அதே பதில்.

கடைசியாக, சத்தம். பம்பைத் தரையில் வைக்காமல் மடித்த துண்டின் மேல் வைத்துக் கேளுங்கள். அப்போதும் டிவி சத்தத்தைக் கூட்ட வேண்டியிருந்தால் தினமும் போட மாட்டீர்கள்.

எப்போ போடறது, எவ்ளோ நேரம்?

ஓடி முடித்த கையோடு வேண்டாம். 10 நிமிடம் நடந்து, தண்ணீர் குடித்து, வியர்வை அடங்கி, குளித்த பிறகு போடுங்கள். 20 முதல் 30 நிமிடம் போதும். முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, குதிகாலுக்கு அடியில் ஒரு தலையணை வைத்தால் இன்னும் நல்லது. நாற்காலியில் காலைத் தொங்கவிட்டு உட்காராதீர்கள். முழங்கால் மடிப்பில் அறை நசுங்கும்.

உள்ளே நீளமான மெல்லிய பருத்திப் பேன்ட் அணியுங்கள். பையில் சாவி, சில்லறை இருக்கக் கூடாது. வெள்ளிக் கொலுசு, மெட்டி இருந்தால் கழற்றிவிடுங்கள். மெட்டியைக் கழற்ற மாட்டேன் என்கிறவர்கள் அதன் மேல் தடிமனான சாக்ஸ் போட்டு, பாத அறையை அணைத்துவிடுங்கள். தனி அளவு வைக்கும் கருவியில் இது முடியும்.

போட்டுகினே தூங்கிடலாமா?

கூடாது. தூக்கத்தில் கால் மரத்தாலும் தெரியாது. டைமர் தானாக அணையாத கருவியை வாங்கவே வாங்காதீர்கள்.

வெயில் காலத்துல உள்ள வெந்துபோவுது. என்ன பண்றது?

ஏப்ரல், மே மாதங்களில் மதியப் பயிற்சியே வேண்டாத வேலை, அதற்கு மேல் இது வேறு. இரவு எட்டுக்குப் பிறகு மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்து, நேரத்தை 15 நிமிடமாகக் குறையுங்கள். தலை சுற்றல், குமட்டல் இருக்கும்போது மாட்டாதீர்கள். அது உடல் சூடும் நீர் இழப்பும், கால் களைப்பு அல்ல. வெயிலில் கடும் பயிற்சிக்குப் பின் சிறுநீர் கறுங்காப்பி நிறத்தில் போனால் பூட்ஸ், மசாஜ் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தசை உடைந்து சிறுநீரகத்தை அடைக்கிற நிலையாக இருக்கலாம்.

போட்டா கால் விரல் மரத்துப்போவுது, ஊசி குத்தற மாரி இருக்குது.

நிறுத்திவிட்டு மூன்று காரணங்களைப் பாருங்கள். அழுத்தம் கூடுதலாக இருக்கலாம், 20 குறையுங்கள். பாத அளவு சிறியதாக இருக்கலாம். முழங்காலுக்கு வெளிப்பக்கம் கீழே எலும்பு முட்டுகிற இடத்தில் ஒரு நரம்பு தோலுக்கு அருகில் ஓடுகிறது. பூட்ஸின் தையலோ ஹோஸ் முனையோ அங்கே அழுத்தினால் பாதத்தின் மேல்பக்கம் மரக்கும். பூட்ஸைக் கொஞ்சம் திருப்பி மாட்டினால் சரியாகும். கழற்றி 10 நிமிடத்துக்குப் பிறகும் மரப்பு போகாவிட்டால், அல்லது விரல் வெளுத்தோ நீலமாகவோ தெரிந்தால், மருத்துவரைப் பார்க்காமல் மறுபடி போடாதீர்கள்.

கணுக்கால் சுளுக்கிக்கிச்சு, தொடையில தசை இழுத்துக்கிச்சு. பூட்ஸ் போட்டா சீக்கிரம் ஆறுமா?

புதிதாகக் கிழிந்த தசைக்கு முதல் இரண்டு மூன்று நாள் போடாதீர்கள், உள்ளே ரத்தக்கசிவு இருக்கும். சுளுக்குக்கு எலும்பு முறிவு இல்லை என்று தெரிந்த பிறகு பிசியோவைக் கேளுங்கள். அடிபட்ட பின் கெண்டைக்கால் கல்லு மாதிரி இறுகி, விரலை நீட்டினாலே உயிர் போகிற வலி என்றால் அது அவசரம். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, அமுக்கினால் வலித்தாலும் அவசரம்தான். யார் போடக்கூடாது என்ற பதிலில் சொன்ன ரத்தக்கட்டியாக இருக்கலாம்.

திருவண்ணாமலை கிரிவலம் போய்ட்டு வந்து போடலாமா?

தாராளமாக. 14 கி.மீ. தார் ரோட்டில், அதுவும் வெறுங்காலில் நடந்த பிறகு கெண்டையும் பாதமும் கனத்திருக்கும்; இந்தக் கனத்துக்குத்தான் பூட்ஸ் நன்றாகக் கேட்கும். முதலில் பாதத்தைக் கழுவி, கொப்புளம், வெட்டு, முள் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். கொப்புளம் இருந்தால் பாத அறையை அணைத்துவிடுங்கள். நடந்து முடித்து இரவு பஸ்ஸில் மூன்று மணி நேரம் காலைத் தொங்கவிட்டு வந்தவர்கள், வீட்டு வாசலில் ஐந்து நிமிடம் நடந்துவிட்டு மாட்டலாம்.

ஜிம்ல ஒரே செட்டை எல்லாரும் போடறாங்க. படை வருமா?

வரும். வியர்வையில் ஊறிய துணி, மூடிய காற்று, பத்துப் பேர் கால். படர்தாமரைக்கு இதைவிட வசதி வேண்டாம். ஜிம் உரிமையாளருக்கு: ஒவ்வொருவருக்கும் சொந்தப் பேன்ட், சாக்ஸ் கட்டாயம். ஒருவர் கழற்றியதும் லேசான சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உள்ளே துடைத்து, ஜிப்பை முழுதாகத் திறந்து மின்விசிறியில் காய விடுங்கள். வாஷிங் மெஷினில் போடக் கூடாது, வெயிலில் காயப்போடவும் கூடாது. காலில் படை இருப்பவர் ஆறும்வரை காத்திருக்கட்டும்.

ஒரு சேம்பர் மட்டும் ஊத மாட்டேங்குது. மொத்தமா போச்சா?

பெரும்பாலும் போயிருக்காது. இடது ஹோஸை வலது பூட்ஸில் மாற்றிச் செருகுங்கள். பழுது பூட்ஸோடு போனால் பையில் ஓட்டை. ஹோஸோடு போனால் குழாய் மடிந்திருக்கிறது அல்லது முனையின் ரப்பர் வளையம் விழுந்திருக்கிறது. எதை மாற்றினாலும் பம்பின் அதே பக்கத்திலேயே இருந்தால் உள்ளே வால்வு. ரப்பர் வளையம் சில ரூபாய் சமாச்சாரம், பழையதை எடுத்துக்கொண்டு போய் அதே அளவில் வாங்குங்கள்.

பையில் ஓட்டை என்றால் காலை மாட்டி, குறைந்த அழுத்தத்தில் ஊதி, தையல் ஓரமெல்லாம் சோப்பு நுரை தடவுங்கள். குமிழி வரும் இடம்தான் ஓட்டை. நடுப்பகுதியில் இருந்தால் டிபியு ஒட்டுப்பட்டை பிடிக்கும். ஒட்டுத் தையலில் விட்டிருந்தால் நிற்காது. சைக்கிள் டியூப் சொல்யூஷன் டிபியுவில் பிடிக்காது, முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள்.

ஜிப் போனால் ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ மேல்பாகம் தைக்கிறவர்களிடம் கொடுக்கலாம், தடித்த ஜிப் அவர்களிடமே இருக்கும். ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லிவிடுங்கள்: ஊசி பழைய தையல் போன ஓரப்பட்டைக்குள்ளேயே ஓட வேண்டும். அரை செ.மீ. உள்ளே போனால் காற்றுப்பை பொத்தல்.

செகண்ட்ஸ்ல ஒண்ணு வருது, வாங்கலாமா?

நேரில் மாட்டி 20 நிமிடம் ஓட்டிக் காட்டினால் வாங்கலாம். மேலே பார்சலுக்குச் சொன்ன அதே சோதனைகள், அதோடு இரண்டு: ஜிப்பின் பல் வரிசை அலையாக நெளிந்திருந்தால் வேண்டாம், பேட்டரி மாடல் என்றால் முழு சார்ஜில் எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று உட்கார்ந்து பாருங்கள். உள்ளே முகர்ந்தும் பாருங்கள். பூஞ்சை வாசனை ஏறிவிட்டால் எதைப் போட்டுத் துடைத்தாலும் போகாது.